கயையில் எள், புத்தகயையில் அரை மணி

எங்கள் சேத்துப்பட்டு ஆரணிக்குத் தெற்கே இருக்கிறது. சென்னையில் இருப்பது வேறு சேத்துப்பட்டு. இங்கே காசி யாத்திரைக்கு ஆள் சேர்ப்பது டீக்கடைச் சுவரில்தான் நடக்கும். மஞ்சள் நோட்டீஸில் மேலே விசுவநாதர் படம், அதன் கீழே 'காசி – கயா – பிரயாகை – அயோத்தி'. அதற்கும் கீழே 'தென்னிந்திய உணவு, சமையல்காரர் உடன் வருவார்'. கடைசியில் பொடி எழுத்தில் 'மற்றும் புத்தகயா, சாரநாத் சுற்றிப் பார்த்தல்'. அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் பட்டுத் தறிக்குப் பக்கத்தில் பிறந்து தறியிலேயே வயசானவன். அப்பா காலமான பிறகு அவருக்குப் பிண்டம் போட முதல் தடவை கயைக்குப் போனேன். பல வருஷம் கழித்து அத்தை, "மாமாவுக்கு நான்தான்டா இருக்கேன், என்னைக் கூட்டிக்கிட்டுப் போ" என்று கேட்டபோது மறுபடியும் அதே மாதிரி ஒரு குழுவோடு கிளம்பினேன். இந்த இரண்டு பயணத்துக்கும் நடுவே ஒரு புத்தகம் வந்து சேர்ந்திருந்தது. மயிலை சீனி. வேங்கடசாமி 1940-இல் எழுதிய 'பௌத்தமும் தமிழும்'. நூலகத்தில் எடுத்து, நாடா ஓய்ந்த நேரங்களில் படித்து முடித்தேன். இரண்டாம் தடவை கயையில் இறங்கியபோது பார்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியலே மனசில் இருந்தது.

காசிக்குப் போவது எங்கள் பாட்டன்மார் காலத்தில் லேசான காரியமில்லை. போகிறவர் கணக்கு வழக்கைத் தீர்த்து, சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போவார். திரும்பி வந்தால் ஊரே திரண்டு எதிர்கொண்டு அழைக்கும். அந்தப் பயணம் எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி ஏனுகுல வீராசாமி. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக இருந்தவர். 1830 மே மாதம் சென்னையிலிருந்து குடும்பம், வேலையாட்கள், பல்லக்குத் தூக்கிகள் சூழக் கிளம்பி, ஐதராபாத், நாகபுரி வழியாகப் பிரயாகை, காசி, கயை போய், கல்கத்தாவைப் பார்த்துவிட்டு, கிழக்குக் கடற்கரையோடு இறங்கி 1831 செப்டம்பரில் வீடு சேர்ந்தார். ஒரு வருஷத்துக்கு மேல். தெலுங்கில் அவர் எழுதி வைத்த 'காசி யாத்ர சரித்ர'வில் எந்த ஊரில் எங்கே தங்கினார், என்ன கிடைத்தது என்பது வரைக்கும் இருக்கிறது. அவ்வளவு பெரிய கூட்டத்தோடு போகக் காரணம் வழியில் தனி ஆளுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதே. இன்று சமையல்காரரையும் அரிசி மூட்டையையும் புளிக்காய்ச்சல் டப்பாவையும் கட்டிக்கொண்டு குழுவாகப் போகிறோமே, அந்தப் பழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

வீராசாமிக்குப் பிறகு முப்பது வருஷம் கழித்து, 1863-இல், நாட்டுக்கோட்டை நகரத்தார் காசியில் சத்திரம் வைத்தார்கள். கயையிலும் பிரயாகையிலும் வைத்தார்கள். தமிழ் தெரிந்த ஆள், தமிழ்ச் சாப்பாடு, படுக்க இடம் மூன்றும் கிடைத்த பிறகுதான் தறிக்காரனுக்கும் குடியானவனுக்கும் காசி எட்டியது. ரயில் வந்து மீதியைச் செய்தது. காசியில் இன்றும் நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்குப் பூசைப் பொருள்கள் 'சம்போ' என்ற முழக்கத்தோடு போகின்றன. அந்தச் சந்தில் ஒதுங்கி நின்று வழிவிட்ட அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்துக்காரர்கள் வேலூர் தாண்டிக் காட்பாடி போய் ரயில் ஏறுவோம். பெங்களூரிலிருந்து தானாபூர் போகும் சங்கமித்ரா எக்ஸ்பிரஸ். முகல்சராயில், இப்போதைய பெயர் தீன்தயாள் உபாத்யாயா, இறங்கினால் காசி பக்கம். அந்த வண்டியின் பெயரை எத்தனை பேர் யோசிக்கிறார்கள் என்று தெரியாது. சங்கமித்திரை அசோகரின் மகள். புத்தகயையிலிருந்த போதி மரத்தின் கிளையை இலங்கைக்குக் கொண்டுபோனவள். அனுராதபுரத்தில் நிற்பது அந்த மரம்தான் என்கிறது இலங்கை மரபு. அவள் பெயர் எழுதிய பெட்டியில் இரண்டு ராத்திரி படுத்து எழுந்து, அந்த மரத்தடிக்கு அரை மணி நேரம் ஒதுக்குகிறோம்.

கயையைச் சொல்லாமல் புத்தகயையைச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர்தான். முதல் தடவை போனபோது ஃபல்கு ஆறு வெறும் மணல். சீதையின் சாபத்தால் தண்ணீர் மணலுக்குக் கீழே ஓடுகிறது என்பது கதை. கையால் தோண்டி, ஊறிய தண்ணீரை மொண்டு தர்ப்பணம் செய்தோம். இப்போது விஷ்ணுபாதத்துக்குப் பக்கத்தில் ரப்பர் அணை கட்டி, 2022 முதல் தண்ணீரைத் தேக்குகிறார்கள். அத்தை படியில் உட்கார்ந்தபடியே ஆற்றைத் தொட்டாள். கோயில் இந்தூர் ராணி அகல்யாபாய் ஹோல்கர் 1787-இல் கட்டியது. உள்ளே வெள்ளித் தகட்டால் வளைத்த எட்டுக்கோணத் தொட்டி, அதில் பாறையில் பதிந்த ஒற்றைப் பாதம். அதன் மேல்தான் பிண்டம் வைக்கிறோம்.

அங்கே ஒரு கட்டம் வரும். அப்பா, தாத்தா, பாட்டன், தாய்வழியார் என்று பெயர் சொல்லிப் பிண்டம் வைத்து முடித்ததும், வாத்தியார் கையில் இன்னும் மாவு கொடுப்பார். "தெரிஞ்சவங்க, தெரியாதவங்க, ஸ்நேகிதம், வேலைக்காரங்க, பேர் சொல்ல ஆள் இல்லாதவங்க எல்லாருக்கும் வைங்கோ" என்பார். தீயில் போனவர், தண்ணீரில் போனவர், பிறக்காமலே போனவருக்கும் உண்டு. நம் சடங்குகளிலேயே விசாலமானது இதுதான் என்று நினைக்கிறேன். முதல் தடவை அந்த மாவை யாரையும் நினைக்காமல் வைத்தேன். இரண்டாம் தடவை காஞ்சிபுரத்துத் தருமபாலரை நினைத்து வைத்தேன். அவர் யார் என்று பிறகு சொல்கிறேன்.

கயையில் காரியம் முடிய மத்தியானம் ஆகிவிடும். அட்சய வடத்தடியில் ஒரு காய், ஒரு பழம், ஓர் இலையை விட்டுவிட்டு, சமையல்காரர் வைத்திருக்கும் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டு, வேனில் ஏறும்போதே பாதிப் பேருக்குத் தூக்கம். மூன்றரை மணிக்குப் புத்தகயையில் வேன் நிற்கும். "சீக்கிரம் பார்த்துட்டு வந்துடுங்க, அரை மணிதான். ராத்திரி வண்டி இருக்கு" என்பார் குழுவை நடத்துபவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பணம் கட்டியவர்கள் கேட்டது கயை.

ஆனால் அந்த அரை மணியில் எதைக் கடந்துபோகிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். நிற்கிற செங்கல் கோயில் ஐந்து, ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உயரம் சுமார் 50 மீட்டர். அசோகர் அங்கே வந்து வழிபட்டது கி.மு. மூன்றாம் நூற்றாண்டில். சமுத்திரகுப்தர் காலத்தில் இலங்கை அரசன் மேகவர்ணன் அனுமதி கேட்டு, தன் நாட்டுப் பிக்குகள் தங்க அங்கே ஒரு மடம் கட்டினான். வெளிநாட்டு யாத்திரிகனுக்குச் சத்திரம் கட்டும் வேலை நகரத்தாருக்குப் பதினைந்து நூற்றாண்டுக்கு முன்பே அந்த வட்டாரத்தில் தொடங்கிவிட்டது. பதினோராம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர்கள் கல்வெட்டு வைத்தார்கள். பர்மா அரசர்கள் ஆள் அனுப்பி மராமத்துப் பார்த்தார்கள். 1234 வாக்கில் திபெத்திலிருந்து வந்த தர்மசுவாமி என்ற துறவி கண்டது நான்கே பிக்குகளை. படை வரும் என்ற பயத்தில் மூலச் சிலையைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசி, முன்னால் வேறொரு சிலையை வைத்திருந்தார்களாம்.

பிறகு ஆள் இல்லை. 1590 வாக்கில் கமண்டி கிரி என்ற சைவத் துறவி வந்து தங்கினார். அவர் வழிவந்த மகந்துகள் கையில் இடம் இருந்தது. பர்மா அரசர் மிண்டோன் 1877-இல் அனுப்பிய ஆட்கள் பழுதுபார்க்க ஆரம்பித்தார்கள். 1880 தொடங்கி ஆங்கில அரசு கன்னிங்காம், பெக்லர் மேற்பார்வையில் அந்த வேலையை எடுத்துச் செய்தது. பழைய போதி மரம் 1876-இல் சாய்ந்துவிட்டது. இன்று நாம் கும்பிடும் மரம் அதன் கன்றிலிருந்து வளர்ந்தது. 1891 ஜனவரியில் இலங்கையிலிருந்து வந்த அநாகாரிக தர்மபாலர் அந்த இடத்தைப் பார்த்து, பௌத்தர் கைக்கு அது வந்தே தீர வேண்டும் என்று உறுதி எடுத்தார். அதே வருஷம் மகாபோதி சங்கம் பிறந்தது. 1895-இல் ஜப்பானிலிருந்து வந்த புத்தர் சிலையை மாடியில் வைக்கப்போய் மகந்தின் ஆட்களோடு கைகலப்பு, வழக்கு. கல்கத்தா உயர்நீதிமன்றம் வரை போயும் தர்மபாலருக்குச் சாதகமாக முடியவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 1949-இல் சட்டம் வந்து, நான்கு இந்துக்கள், நான்கு பௌத்தர்கள், தலைமைக்கு மாவட்ட ஆட்சியர் என்று ஒரு குழுவிடம் 1953-இல் கோயில் ஒப்படைக்கப்பட்டது. அந்த ஏற்பாடு போதாது, முழுக்கப் பௌத்தரிடமே கொடுக்க வேண்டும் என்று 2025-இலும் பிக்குகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. நம் ஊர்க் கோயிலை நிர்வகிக்க வேறு மதத்தார் பாதிப் பேர் வேண்டும் என்று சட்டம் போட்டால் நாம் ஒப்புவோமா?

அதற்காக இந்துக்களுக்கு அங்கே உறவில்லை என்று சொல்ல வரவில்லை. வாயு புராணத்தோடு சேர்ந்த கயா மாகாத்மியத்திலேயே மகாபோதி மரத்தை வணங்கும்படி இருக்கிறது. மகாளய பட்ச நாட்களில் வடக்கத்தியக் குடும்பங்கள் அந்த வளாகத்துக்குள் உட்கார்ந்து மாவு பிசைவதை இன்றும் பார்க்கலாம். கோயிலுக்கு முன்னால் வட்டக் கல்லில் செதுக்கிய புத்தர் பாதம் இருக்கிறது. நெடுங்காலம் அதை விஷ்ணு பாதம் என்றே கும்பிட்டிருக்கிறார்கள்.

அத்தையை நான் மரத்துக்குப் பின்பக்கமாக அழைத்துப்போய் உட்கார வைத்தேன். கல் வேலிக்கு அந்தப்புறம் வெள்ளைச் சேலை கட்டிய இலங்கைக்காரர்கள் கூட்டமாக ஓதிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் திபெத்தியர் சிலர் மரப்பலகையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். பலகை உராய்ந்து உராய்ந்து பளபளத்துப்போய் இருந்தது. காற்றில் ஓர் இலை விழுந்தால் நாலு தேசத்துக்காரர்கள் எழுந்து ஓடுகிறார்கள். ஓர் இலை அத்தையின் மடியில் விழ, இலங்கை அம்மா ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டு அதைக் கேட்டாள். பாஷை தெரியாது. அத்தை இலையைக் கொடுத்துவிட்டு என்னிடம், "இவங்களும் யாருக்காகவோதான்டா வந்திருக்காங்க" என்றாள்.

குழுவை நடத்துபவரிடம் முன்பே சொல்லி, எங்கள் இருவருக்கும் அன்று ராத்திரி புத்தகயையிலேயே தங்க ஏற்பாடு செய்திருந்தேன். மறுநாள் விடியற்காலையில் போனபோது, தூரத்து நாட்டுப் பிக்குகள் வரிசை வரிசையாக, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ராகம் என்று ஓதக் கேட்டோம். பர்மாக்காரர், தாய்லாந்துக்காரர், வியட்நாம்காரர் எல்லோரும் இருந்தார்கள். தமிழ்க் குரல் ஒன்றும் இல்லை.

ஒருகாலத்தில் இருந்தது. இப்போது முன்பு சொன்ன காஞ்சிபுரத்துத் தருமபாலரைச் சொல்கிறேன். ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த யுவான் சுவாங் எழுதி வைத்தது இது. காஞ்சிபுரத்து மந்திரி ஒருவரின் மகன் தருமபாலர். அரசகுமாரியோடு நிச்சயித்த கல்யாணத்துக்கு முந்தைய இரவு வீட்டை விட்டுப் போய்ப் பிக்கு ஆனார். பின்னாளில் நாளந்தாவின் தலைவராக உட்கார்ந்தார். அவர் மாணவர் சீலபத்திரர். சீலபத்திரரிடம் பாடம் கேட்டவர் யுவான் சுவாங். காஞ்சிக்காரர் ஒருவரின் படிப்பு சீன தேசம் வரை போன வழி இது. காஞ்சியில் நூறு சங்காராமங்களும் பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாகவும் யுவான் சுவாங் எழுதுகிறார். மணிமேகலை கடைசியில் போய்ச் சேர்ந்த ஊரும் அதே காஞ்சி. சேத்துப்பட்டிலிருந்து வந்தவாசி வழியாகப் போனால் காஞ்சி இரண்டு மணி நேரத்துப் பயணம். பாவு, ஜரிகை, கூலி, கல்யாணச் சேலை என்று வாரம் தவறாமல் எங்கள் ஆட்கள் போய்வருகிற ஊர். அங்கே காமாட்சியம்மன் கோயில் பிராகாரத்தில் நின்ற புத்தரைப் பற்றி து. அ. கோபிநாத ராவ் 1915-இல் எழுதினார். அந்தச் சிலை பிறகு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஏகாம்பரநாதர் கோயில் வெளி மதிலில் சின்னச் சின்னப் புத்தர் உருவங்கள் இன்னும் இருக்கின்றன. பக்கத்தில் நின்றுதான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம்.

சமணம் எங்கள் பக்கத்தில் இப்போதும் உயிரோடு இருக்கிறது. போளூர் திருமலையில் 16 மீட்டர் உயர நேமிநாதர், குந்தவை பெயரில் ஜினாலயம், பொன்னூர் மலையில் குந்தகுந்தர் பாதம், மேல்சித்தாமூர் மடம். இருட்டுவதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் நயினார் குடும்பங்கள் ஆரணி, வந்தவாசி ஊர்களில் ஏர் உழுதும் கடை வைத்தும் வாழ்கின்றன. அதே காஞ்சியில் கூடவே இருந்த பௌத்தத்துக்கு இப்படி ஊர்க்காரர் யாரும் மிஞ்சவில்லை. ஏன்? என் எண்ணம் இது: சமணத்தை இல்லறத்தார் தாங்கினார்கள், நிலத்தோடு கட்டுண்டு. பௌத்தம் விகாரையையும் கப்பல் வணிகத்தையும் அரசனின் நிவந்தத்தையும் நம்பி நின்றது. வணிகம் கைமாறியதும் விகாரை காலியானது. நாகப்பட்டினம் இதற்குச் சாட்சி. ஸ்ரீவிஜய அரசன் அங்கே சூடாமணி விகாரையைக் கட்ட, முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்கு எழுதிவைத்தான். லெய்டன் செப்பேடு சொல்லும் கதை இது. பதினைந்தாம் நூற்றாண்டில் பர்மாப் பிக்குகள் கப்பல் உடைந்து அங்கே கரையேறி வழிபட்டதைப் பர்மாவின் கல்யாணி கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. கடைசியில் மிஞ்சி நின்ற செங்கல் கோபுரத்தை 1867-இல், கல்லூரிக் கட்டடத்துக்காக ஏசு சபையார் இடிக்க அரசு அனுமதி கொடுத்தது. 1856 முதல் அந்த மண்ணில் தோண்டத் தோண்டக் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் 350.

சாரநாத்திலும் இதே கதிதான். 1794-இல் காசி அரசரின் திவான் ஜகத் சிங், தன் பெயரில் கடைவீதி கட்டச் செங்கல் வேண்டுமென்று அங்கிருந்த தர்மராஜிக ஸ்தூபியைப் பிரித்தார். உள்ளே கிடைத்த பேழையில் இருந்த எலும்பைக் கங்கையில் விட்டுவிட்டார்கள். பக்கத்திலிருக்கும் தமேக் ஸ்தூபி தப்பித்தது, 43 மீட்டர் உயரம். தறிக்காரர் யாராவது அங்கே போனால் நடுவயிற்றில் ஓடும் செதுக்கு வேலையைப் பார்க்க வேண்டும். கொடி, பூ, சுவஸ்திகக் கட்டம் என்று கல்லில் ஓடுகிறது ஒரு சேலைக் கரை. ஸ்தூபிக்குத் துணி சுற்றும் பழைய வழக்கத்தைக் கல்லில் காட்டியது என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். நான் விரலால் காற்றிலேயே கொக்கி எண்ணிப் பார்த்தேன். ஜக்கார்டு பெட்டியில் அட்டை குத்திவிடலாம் போல அவ்வளவு கணக்காக இருக்கிறது. இளமையில் தான் கட்டிய தலைப்பாகையும் உடையும் காசித் துணி என்று புத்தரே சொன்னதாகப் பாலி நூலில் வருகிறது. காசித் தறிக்காரர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். அவருக்கும் பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து, ஜரிகை சூரத்திலிருந்து. எங்களுக்கும் அப்படியே. கூலி பற்றிய கவலையும் ஒன்றே.

தமிழ்நாட்டில் பௌத்தம் மறுபடியும் தளிர்த்ததையும் சொல்ல வேண்டும். 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுவந்து, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். அந்த வழியில் வந்த பௌத்தர்கள் சென்னையிலும் கோலார் தங்கவயலிலும் இருக்கிறார்கள். தமிழ்ப் பௌத்தம் அருங்காட்சியகத்தில் மட்டும் இருப்பதில்லை. அவர்களையும் நம் யாத்திரைக் குழுக்களில் பார்த்தால் நன்றாக இருக்கும்.

காசி யாத்திரை நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நோட்டீஸில் புத்தகயையைச் 'சுற்றிப் பார்த்தல்' கணக்கில் போடாதீர்கள். கயையில் காரியம் முடிந்த அன்று ராத்திரி அங்கே தங்கி, காலையில் மரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார விடுங்கள். பல நாட்டு மடங்கள் அங்கே இருக்கின்றன, தங்குவதற்குப் பஞ்சமில்லை. முடிந்தால் மறுநாள் நாளந்தாவைக் காட்டுங்கள். நூறு கிலோமீட்டர்கூட இல்லை. தலைக்கு ஐந்நூறோ ஆயிரமோ கூடுதலாகும், கொடுப்பார்கள். கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துக் காஞ்சி மதிலையும், எழும்பூரில் நாகப்பட்டினத்துப் புத்தர்களையும் காட்டிவிட்டால் இன்னும் நல்லது. யாத்திரை போகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். விஷ்ணுபாதத்தில் அந்தக் கடைசி மாவு கைக்கு வரும்போது, பெயர் சொல்ல ஆளில்லாத காஞ்சிப் பிக்குகளையும் நினைத்து வையுங்கள். அவர்களும் நம் முன்னோர்தான்.